பாதாம் ஃபோர்மேன்

எங்கள் சிமெண்ட் ஆலையின் ஷிப்ட் பஸ்ஸில் யாரும் யாரையும் நலம் விசாரிக்க மாட்டார்கள். மரியாதை தெரியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பயம். "தலை வலிக்குது" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டிலிருந்து அவர் எழுந்து வந்துவிடுவார். தலைவலி, முழங்கால் வலி, மகனுக்கு அரியர், மகளுக்கு வரன் அமையவில்லை, எதுவானாலும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே ஊறவைத்த பாதாம், உடைத்த வால்நட், உப்புப் போடாத பிஸ்தா. மூடியைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டுவார். பெரம்பலூரில் ஏறியவர்கள் ஆலை வாசலில் இறங்குவதற்குள் குறைந்தது ஒரு பாதாமாவது உள்ளே போயிருக்கும்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது என் முகவரியைக் கண்டுபிடித்து ஒரு பை வால்நட்டோடு வந்து நிற்பார். மெக்கானிக்கல் பிரிவில் ஃபோர்மேன். முன்னால் "சார்", பின்னால் "பாதாம் ஃபோர்மேன்". நான் அதே ஆலையின் லேபில் சுண்ணாம்புக்கல் தூளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட்டு வேறு ஊருக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. இன்னமும் பாதாம் தோலில் நகத்தை வைத்தால், யாரோ அதட்டப் போகிறார்கள் என்று கை தயங்குகிறது.

அதட்டல் என்றால் சாதாரண அதட்டல் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் கொடுத்த பாதாமை, நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுபோல, தோலைப் பிதுக்கி எடுத்து ஜன்னல் வழியாக வெளியே போட்டேன். பஸ் பிரேக் அடித்த மாதிரி ஒரு சத்தம். அவர்தான்.

"ஏம்மா, என்னா காரியம் பண்ணுற நீ? நம்ம வூட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி என்னா அடிப்போம்?"

"ரெட் ஆக்சைடு சார்."

"எதுக்கு?"

"துருப் பிடிக்காம இருக்க."

"அந்தத் தோல்தாம்மா ரெட் ஆக்சைடு. ஆன்ட்டி ஆக்சிடன்ட் பூராவும் அதுலதான் இருக்கு. நீ பாட்டுக்கு உரிச்சு ரோட்டுல போட்டுட்டு வெறும் பருப்ப முழுங்குற. ரத்தக்குழாய் துருப் பிடிக்குமா பிடிக்காதா?"

வேதியியல் படித்த திமிரில், "ரத்தக்குழாய் இரும்புல செஞ்சது இல்லீங்களே சார்" என்றேன்.

"ரத்தத்துல இரும்புச்சத்து இருக்குல்ல?"

பஸ்ஸே கை தட்டியது. டிரைவர் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "படிச்சவங்களே மாட்டிக்கிட்டீங்களே மேடம்" என்று சிரித்தார். பட்டம் வாங்கியதை அதன்பிறகு அந்தப் பஸ்ஸில் நான் எடுத்துப் பேசியதில்லை.

அவருக்கு இந்த ஞானம் பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும், அவரே சொல்லியிருக்கிறார். ஆலையில் வருஷா வருஷம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. டாக்டர் ஒரு வாக்கியம் சொன்னார். "தினமும் ஒரு கைப்பிடி நட்ஸ் சாப்பிடுங்க, இதயத்துக்கு நல்லது, உப்பக் குறைங்க, இந்த மாத்திரைய மட்டும் ஒரு நாளும் விட்டுடாதீங்க." நல்ல வாக்கியம். அதில் முதல் பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை டாக்டரின் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார். மாத்திரைச் சீட்டைக் கசக்கி வீட்டுக் குப்பையில் போட்டதாகப் பெருமையாகச் சொல்வார்.

உப்பைப் பற்றிய பகுதி அவர் காதிலேயே விழவில்லை போலிருக்கிறது. ஆலை கேண்டீனில் தயிர்சாதத்துக்கு எலுமிச்சை ஊறுகாயை மூன்று தடவை கேட்டு வாங்குவார். கேட்டால், "வால்நட் உள்ள போனா உப்பெல்லாம் தானா அடங்கிக்கும்" என்பார். வால்நட் என்ன, போலீஸ் ஸ்டேஷனா?

நியாயமாகச் சொல்ல வேண்டும். நட்ஸ் மீது எனக்கு ஒரு சண்டையும் இல்லை. நல்லதுதான், நானும் சாப்பிடுகிறேன். எனக்கிருந்த சண்டையெல்லாம் அவர் அதற்குக் கொடுத்த பதவி உயர்வோடுதான். தின்பண்டமாக இருந்த பாதாமை வைத்தியராக்கி, வைத்தியரைக் கடவுளாக்கி, கடைசியில் மனிதர்களின் சாவுக்கெல்லாம் அதனிடம் விளக்கம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

செந்துறைப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தோம். ஸ்டோர் கிளார்க்கின் அப்பா இறந்துவிட்டார். வாசலில் பந்தல், பெஞ்சில் ஆட்கள். நாங்கள் வரிசையாகப் போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டு நகர்ந்தோம். இவர் பிடித்த கையை விடவில்லை.

"எப்படிப்பா ஆச்சு?"

"நெஞ்சு வலிக்குதுன்னாரு சார். ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ளயே..." என்று அவன் தேம்பினான்.

"அப்பா நட்ஸ் சாப்பிடுவாரா?"

அவன் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தான். "கடலை சாப்பிடுவாரு சார்."

"வறுத்ததா, அவிச்சதா?"

"வறுத்தது."

"உப்புப் போட்டா?"

"ஆமா சார்."

அவர் தலையை மெதுவாக ஆட்டிவிட்டு, அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிரேதப் பரிசோதனை முடிந்தது, அறிக்கை தயார். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் அவரிடம் வந்து பாதாம் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று விசாரித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவர் பிறந்தது ஆண்டிமடத்துப் பக்கம். எந்தத் திசையில் திரும்பினாலும் முந்திரிக் கொல்லை. அண்ணன் குடும்பம் இன்னும் முந்திரி விவசாயம்தான். இவர் மட்டும் முந்திரியைத் தொட மாட்டார். "கொலஸ்ட்ரால்" என்பார். "செடி கொடியில விளையுற எதுலயும் கொலஸ்ட்ரால் கிடையாது சார், புத்தகத்துலயே இருக்கு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "புத்தகம் எழுதுனவன் முந்திரி வியாபாரியா இருப்பான்" என்றார்.

அவர் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஆலையிலிருந்து வேன் பிடித்துப் போனோம். அந்தப் பக்கத்து விருந்தில் முந்திரிக்குக் கஞ்சத்தனம் கிடையாது. பொங்கலில் முந்திரி, கேசரியில் முந்திரி, போதாததற்குப் பச்சை முந்திரிப் பருப்பிலேயே ஒரு கூட்டு. இவர் பந்தியில் உட்கார்ந்து ஒவ்வொரு முந்திரியாகப் பொறுக்கி இலையின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார். ஒதுக்கி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து நாலு பாதாமை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பரிமாறிக்கொண்டு வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், கூட்டு வாளியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஏன்டா, கொல்லையில வெளஞ்சத ஓரமா தள்ளிட்டு எங்கியோ வெளஞ்சத பையில வச்சுத் திங்குற?"

"உனக்குத் தெரியாதுண்ணே. இது ஹார்ட்டுக்கு ஆவாது."

"எங்களுக்கு ஆவுதுடா. காலையிலேருந்து வாளி தூக்குறேன். நீ இந்த மேடை ஏறுறதுக்கு மூச்சு வாங்குன."

பந்தியில் சிரிப்பு. இவர் சிரிக்கவில்லை. அண்ணனுக்காக நிஜமாகவே கவலைப்பட்டார். திரும்பும்போது வேன் முழுக்க, "எங்க அண்ணன் இப்படியே தின்னா ரொம்ப நாள் தாங்க மாட்டாரு" என்று புலம்பிக்கொண்டு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் நாங்கள் யாரும் கேலி செய்யவில்லை.

எனக்கு அவரைப் பிடிக்கும். இதையும் சொல்லிவிட வேண்டும். என் அம்மாவுக்கு இதயத்தில் சின்னதாக ஒரு சிகிச்சை நடந்து வீட்டில் படுத்திருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்கூட்டரில் வந்து நிற்பார். ஒரு பொட்டலம் வால்நட்டைக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, போன வாரம் கொடுத்தது தீர்ந்ததா என்று டப்பாவைத் திறந்து பார்ப்பார். உறவுக்காரர்கள் ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனதோடு சரி. அம்மா சனிக்கிழமை சாயங்காலமே, "நாளைக்கு அந்தத் தம்பி வருமில்ல, கொஞ்சம் எடுத்துக் கொட்டிரு, திட்டப் போவுது" என்று ஆரம்பித்துவிடுவார். அம்மாவின் மாத்திரைகளை மட்டும் நான் அலமாரிக்குள் ஒளித்துவைத்தேன். அவர் கண்ணில் பட்டால் அதற்கும் ஒரு பிரசங்கம் உண்டு.

அவருடைய பிரசங்கம் எடுபட்டதற்குக் காரணம் அவரே. ஆலையின் முதலுதவி அறையில் ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டுவார். சரியான அளவு வரும். எகிறிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு மாத்திரை இல்லாமல் எப்படி இறங்கியது? அவர் காலையில் குடிக்கும் கஞ்சிதான். பாதாம், வால்நட், பிஸ்தா எல்லாவற்றையும் தோலோடு அரைத்து, சத்துமாவோடு சேர்த்து அவர் மனைவி காய்ச்சிக் கொடுப்பது. ஒரே ஒரு குறை, லேசாகக் கசக்கும். அந்தக் கசப்பைத்தான் அவர் கொண்டாடுவார்.

"கசந்தாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். தோலுல இருக்குற சத்து அது."

பஸ்ஸில் பாதிப் பேர் வீட்டில் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார்கள். யாருக்கும் கசக்கவில்லை. எல்லோருக்கும் இனிப்பாக, பாயசம் மாதிரி வந்தது. குறைபட்டுக்கொண்டபோது, "நீங்க வாங்குன பாதாம் மட்டமான சரக்கு" என்று தீர்ப்பளித்தார். டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த மளிகைக் கடைக்காரர் பாவம், நல்ல சரக்கை வைத்துக்கொண்டு கசக்கிற பாதாம் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் திண்டாடினார்.

கஞ்சிக்காரர்களில் முதன்மையானவர் எங்கள் டிரைவர் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். பஸ்ஸுக்காகக் குடும்பத்தோடு பெரம்பலூரில் குடியிருந்தார். மச்சான் துபாயில் இருந்ததால் பாதாம் பிஸ்தாவுக்குப் பஞ்சமே இல்லை. விடுமுறைக்கு வரும் ஒவ்வொருவர் பெட்டியிலும் பாய்க்கென்று ஒரு பை வரும். அவருக்கும் ரத்த அழுத்தம் இருந்தது, மாத்திரையும் இருந்தது. மாத்திரையை அவர் வெறுத்தார். அதைப் போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்ஸை வழியில் எந்த மரத்தடியில் நிறுத்துவது? இடதுபக்க வரிசை முழுக்கப் பெண்கள், அவர்கள் கண்ணெதிரே இறங்கிப் போக அவருக்கு வெட்கம்.

ஒருநாள் வண்டியைக் கிளப்பும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "சார், நானும் மாத்திரைய வுட்டுட்டேன். நீங்க சொன்ன கஞ்சிதான் இப்ப."

"அல்லாவே உங்களுக்குப் புத்தி குடுத்துட்டாரு பாய்" என்றார் ஃபோர்மேன். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

இறங்கும்போது பாயிடம் போனேன். "கஞ்சியும் குடிங்க பாய், மாத்திரையும் போடுங்க. ரெண்டுக்கும் சண்டையா? டாக்டரக் கேட்டா ஒன்னுக்குப் போவாத மாதிரி வேற மாத்திரைகூட குடுப்பாங்க."

"சாரு மாத்திரை போடுறாரா மேடம்?"

"இல்ல."

"அவருக்கு மிஷின்ல எவ்வளவு காட்டுது, நீங்களும்தான் பாத்தீங்க. பின்ன எனக்கு மட்டும் என்னாவாம்?"

மிஷினில் நானும்தான் பார்த்தேன். ஒரு மனிதர் தன் உடம்பையே ஆதாரமாகக் கொண்டுவந்து வைக்கும்போது எதிர்த்து வாதாட என்ன இருக்கிறது? "உங்களுக்குக் கஞ்சி கசக்குதா பாய்?" என்று மட்டும் கேட்டேன். "அது ஒன்னுதான் இன்னும் வரல. தோல இன்னும் கூடுதலாப் போடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அந்த வாரமே ஃபோர்மேனின் மனைவியைக் காய்கறிச் சந்தையில் பார்த்தேன். அங்கன்வாடி டீச்சர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், பாய் மாத்திரையை நிறுத்திவிட்ட செய்தியைச் சொன்னேன். அக்காவின் கை வெங்காயத்திலேயே நின்றுவிட்டது.

"யாரக் கேட்டு நிறுத்துனாராம்?"

"யாரக் கேக்கணும்? சாரப் பாத்துதான். சார் மாத்திரை இல்லாமத்தான நல்லா இருக்காரு."

அக்கா கையிலிருந்த வெங்காயத்தைக் குவியலிலேயே போட்டார். எதையோ சொல்ல வந்து, வேறு எதையோ சொன்னார். "அவருக்கு மாத்திரைன்னாலே பயம் தங்கச்சி. இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் அதுக்குத்தான். அவங்க அப்பாவுக்குப் பிரஷர்னு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. போட ஆரம்பிச்ச வாரமே, கொல்லையில முந்திரி பொறுக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. மாத்திரைதான் கொன்னுச்சுன்னு இவரு மனசுல உழுந்துடுச்சு. அப்ப இவருக்குக் கல்யாண வயசுகூட ஆவல."

நான் அவரைப் பற்றி வைத்திருந்த கிண்டல்களில் பாதி அந்த இடத்திலேயே செத்துப்போனது.

அக்கா வீட்டுக்குப் போனதும் பாயின் மனைவிக்குப் போன் செய்து, கெஞ்சாத குறையாக, மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். காரணத்தைச் சொல்லவில்லை. பாய் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "சாரே சாப்பிடல, சாரோட வூட்டம்மாவுக்கு எதுக்குப் பயம்?" என்றாராம். மறுநாள் பஸ்ஸில் அதை ஒரு நகைச்சுவையாக ஃபோர்மேனிடமும் சொன்னார். "பொம்பளைங்களுக்கு எப்பவும் பயம் பாய்" என்று இவரும் சிரித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு வால்நட்டை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு விடியற்காலை. பஸ் வரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஃபஜர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்த பாய் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கை தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஃபோர்மேனும் அவர் மனைவியும் ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார்கள். நான் ஒரு ஆட்டோ பிடித்துப் பின்னால் போனேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் பாயின் மனைவி உட்கார்ந்திருந்தார். முக்காட்டின் நுனியைப் பல்லால் கடித்தபடி உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஓதிக்கொண்டிருந்தார். உள்ளே டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், உயிரைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் எதிரே நின்றார். முகம் வெளுத்திருந்தது. இந்த நேரத்திலாவது வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று நம்பினேன். என் நம்பிக்கைக்கு அவர் என்றைக்கு மதிப்புக் கொடுத்தார்?

"தோலோடதானே அரைச்சுக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

பாயின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புரியவில்லை.

"பாதாம். தோல உரிச்சுட்டீங்களோ? உரிச்சிருந்தா அதுல ஒன்னும் இருக்காது. அதான் கேக்குறேன். நான் தோலோடதான் குடிக்கிறேன், எனக்கு ஒன்னும்..."

"ஏங்க" என்றார் அக்கா.

"இல்ல, தெரிஞ்சுக்கணும்ல. கசந்துச்சா உங்க கஞ்சி? கசந்திருக்காது. நான் அப்பவே சொன்னேன் சரக்கு சரியில்லன்னு..."

"ஏங்க, நிறுத்துங்க."

அக்கா அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வராந்தாவில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அக்கா எழுந்து புருஷனுக்கு நேராக நின்றார்.

"தோலும் இல்ல, பாதாமும் இல்ல. உங்க கஞ்சி கசந்தது மாத்திரையால. நீங்க குப்பையில போட்ட சீட்ட எடுத்து வச்சு மாசாமாசம் நான்தான் வாங்குறேன். தெனம் காலையில பொடிச்சு உங்க கஞ்சியில கலக்குறேன். அங்கன்வாடியில புள்ளைங்க துப்பிடும்னு பூச்சி மாத்திரைய உருண்டையில பொடிச்சு வச்சுத்தான் குடுப்போம். எனக்குத் தெரிஞ்ச வித்தை அதான். சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க. உங்கப்பா மாதிரி நீங்களும் போயிட்டா நான் என்னா பண்ணுவேன்? ஆனா இந்தப் பாவம் இப்படி அடுத்த வூட்டுல போயி இறங்கும்னு நான் நெனைக்கலியே..."

அதற்கு மேல் அக்காவால் பேச முடியவில்லை. பாயின் மனைவியின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாயின் மனைவி அழவில்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக ஃபோர்மேனைப் பார்த்துக் கேட்டார். "அப்ப நீங்க மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். பஸ்ஸில், பந்தலில், பந்தியில் ஒருநாளும் அடைக்காத வாய் அது. சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே நேரம் அவரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் நான் செய்யவில்லை, நின்ற இடத்திலேயே நின்றேன்.

பாய் பிழைத்துக்கொண்டார் என்பதைப் பின்னால் நடந்ததாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு திரும்பியது, நடை வந்தது. ஸ்டியரிங் பிடிக்கிற கை வரவில்லை. ஆனால் அந்தக் காலையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மூடிய கதவும், அந்தப் பெஞ்சும்தான் இருந்தன.

ஃபோர்மேன் சுவரிலிருந்து கையை எடுத்தார். தரையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்க்காமல், கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்குப் போட்டியா?"

"என்னாங்க?"

"மாத்திரை. இன்னிக்குக் கலந்தியா?"

"இல்லங்க. போன் வந்த பதட்டத்துல கஞ்சியே காய்ச்சல."

அவர் கையை நீட்டினார். ஒரு மனிதரின் பயத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அக்கா பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர்கூடக் கேட்காமல், எங்கள் எல்லோருக்கும் முன்னால், வாயில் போட்டு விழுங்கினார். தொண்டையில் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது, கண்ணில் நீர் வந்தது.

அக்கா அட்டையைப் பர்ஸில் திரும்ப வைக்கப் போனபோது பாயின் மனைவி கையை நீட்டி அதை வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதேதான்" என்றார். "எங்க வூட்டுலயும் இதே அட்டைதான் இருக்கு. முழுசா இருக்கு."